எட்டுக்கு வெளியே

கார்க் கதவைச் சாத்தாமலே இறங்கி நடந்தாள்.

உள்ளே இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. புருஷன் சிரிப்பு ஒன்று. முன் சீட்டில் இருந்த அவருடைய அக்காவின் சிரிப்பு ஒன்று.

சிரிக்கட்டும்.

மத்தியானம் கல்யாணப் பந்தியில் யாரோ சொன்னார்கள், பேத்தி அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறது என்று. பிறந்து இரண்டு மாதம். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டது. பெற்றவளைப் பெற்றவள் பார்க்கவில்லை. மகள் ரஞ்சனி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது.

வரும் வழியில்தான் மகள் ஊருக்குப் பிரியும் விலக்கு. அது வந்ததும் துணிந்து கேட்டுவிட்டாள். ஐந்து நிமிடம், குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்றாள்.

அவர் வண்டியை ஓரங்கட்டினார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"அவ வீட்டுக்குப் போகணும்னா நடந்து போ. என் கார் அந்தப் பக்கம் திரும்பாது."

அதற்குத்தான் சிரிப்பு. மாடிப்படி ஏறினாலே இளைக்கிறவள், இவளாவது நடக்கிறதாவது என்று அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

அது எந்தக் காலத்துக் கதை.

விலக்கில் இருந்த பலகை ஒன்பது கிலோமீட்டர் என்றது.

சொல்லிவிட்டுப் போகட்டும்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் கையில் தாம்பூலப் பை இருப்பது தெரிந்தது. தேங்காய் கனத்தது. இருக்கட்டும், வெறுங்கையோடு போக வேண்டாம்.

பின்னால் ஹாரன்.

திரும்பாது என்ற கார் திரும்பிவிட்டது.

பக்கத்தில் வந்து ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது. ஏறு என்றார். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிறான், மானத்தை வாங்காதே என்றார். அவள் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

சர்க்கரை வந்தபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நம் வீட்டுப் பொம்பளை ரோட்டில் கையை வீசிக்கொண்டு போவதா என்று இவர்தான் மொட்டை மாடியில் வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக ஓர் எட்டு போட்டுக் கொடுத்தார். அதற்குள்ளேயே சுற்று என்றார்.

சுற்றினாள்.

மூன்று வருடம். கொடியில் காயும் துணிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து. பெயிண்ட் தேய்ந்து தரை தெரிகிறவரைக்கும். மாடியில் சுற்றுவதெல்லாம் ஒரு நடையா என்று அதற்கும் ஒரு கேலி.

இப்போது ரோடு நேராகக் கிடந்தது. வளைய வேண்டியதில்லை. குனிய வேண்டியதில்லை. கால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூச்சு வாங்கவில்லை. இவ்வளவு சுலபமா?

அந்தச் சுலபம்தான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

வீட்டிலிருந்து வந்தாலும் இதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். இந்தத் தூரத்தையா முடியாது முடியாது என்று நம்பினாள்? போனில் வந்த குழந்தை படத்தைப் பார்த்துப் பார்த்து அழுத ராத்திரிகளை எல்லாம் நினைத்தாள். அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் அவள் மேலேயே பாய்ந்தது. நடை இன்னும் வேகமானது.

கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பு கடித்தது. கழற்றி ஓரமாக விட்டாள். கார்ச் சக்கரம் ஒரு செருப்பின் மேல் ஏறி இறங்கியது.

தார் இன்னும் சுட்டது.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் இறங்கிவிட்டார். நில் என்று கத்திக்கொண்டே வந்தார். தெருமுனைக் கடைக்குக் காரில் போகிற மனுஷன். ஒரு புளியமரத்திலிருந்து அடுத்த புளியமரம் வருவதற்குள் குரல் தேய்ந்தது. திரும்பிப் பார்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார் அவருக்குப் பின்னால் வெகு தூரத்தில் நின்றது. அதை எடுக்க அவர்தான் நடக்க வேண்டும்.

சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுபடி பக்கத்தில் வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்த குரல். இப்படியே போனால் போனதுதான், இனி என் வீட்டுப் படி மிதிக்காதே என்றார்.

அந்தப் படியைத் தினமும் கழுவிக் கோலம் போட்டவள் அவள்.

நடந்தாள்.

ஊருக்குள் வரும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. தையல் கடையில் இருந்தவரிடம் வழி கேட்டாள். கோயிலை ஒட்டிய சந்து, கடைசி வீடு என்றார். சந்து ஒடுக்கம். ஒரு ஸ்கூட்டர் நுழையலாம், கார் நுழையாது.

கார் முனையிலேயே நின்றுவிட்டது. அதன் வெளிச்சத்தில் அவள் நிழல் அவளுக்கு முன்னால் நீளமாகப் போனது.

ரஞ்சனிதான் கதவைத் திறந்தாள். புழுதி படிந்த பட்டுச் சேலையைப் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளுக்கு மேலாக அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். முகம் மலர்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"அப்பாவாம்மா அது?"

தாம்பூலப் பையை மகள் கையில் கொடுத்தாள்.

"வரணும்னா நடந்து வரட்டும்."

பச்சைப்பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் கால் கழுவ வேண்டும். வாசல் குழாயைத் திறந்தாள். தண்ணீர் பட்டதும் கொப்புளம் சுரீரென்றது.

உள்ளே குழந்தை சிணுங்கியது.

சந்து முனையில் என்ஜின் நின்றது. ஒரு கதவு திறந்தது.

அவள் இன்னொரு காலை நீட்டிக் கழுவினாள்.