சத்தம் நின்றால்

கம்பளிக்குள் சூசைமுத்து ‘கீங் கீங்’கென்று மூச்சுக்கு அல்லாடினான். சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடிக்க மலாயா தோட்டத்துக்கு வந்த ஜப்பான் சிப்பாய் வாசலிலேயே தயங்கினான்.

“தொண்டைக்குள்ள வீங்கி மூச்சுவழி குறுகிடுச்சு. கிட்ட வந்தா ஒட்டிக்கும், ஒட்டுவாரொட்டிலா!” என்றார் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் தங்கையா.

கூட வந்த எஸ்டேட் கணக்குப்பிள்ளை கிராணி அதை அரைகுறை ஜப்பானிய மொழியில் சொன்னதும், சிப்பாய் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டே ஓடினான்.

“பொழைச்சுக்குவாராய்யா?” சூசைமுத்துவின் மனைவி லூர்தம்மாள் அழுதாள்.

“சத்தம் வர்ற வரைக்கும் காத்து உள்ள போகுதும்மா. நின்னாத்தான் பயம்.”

சட்டென்று சத்தம் நின்றது.

“ஐயோ!” அவள் அலறிய அலறலில் சூசைமுத்து எழுந்து உட்கார்ந்தான். “போய்ட்டானா?”

“ஏன்டா, தொண்டை வீங்குனா மூச்சை இழுக்கும்போதுதான் சத்தம் வரணும்னு மூணு நாளா சொல்லிக்குடுத்தேனே! விடும்போது கத்துறியே!” டிரசர் சீறினார்.

லூர்தம்மாள் விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள்.

சூசைமுத்து மூச்சை இழுத்தான். இந்தத் தடவை சத்தம் சரியாக வந்தது.