கிழியாத பாத்திரம்

“இதை யார் செஞ்சது?”

ஆழமான எவர்சில்வர் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டார், ஆர்டர் கொடுக்க வந்தவர்.

“நான்தான்” என்றாள் பட்டறை முதலாளியம்மா. துளியும் கூசாமல் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற மருமகளின் முகம் சுருங்கிவிட்டது. மாதக்கணக்காகக் கையெல்லாம் எண்ணெயோடு, தகட்டை அழுத்தும் அந்தப் பிரஸ்ஸுடன் மல்லுக்கட்டியவள் அவள்தான்.

“இவ்வளவு ஆழம் ஒரே அழுத்துல எப்படி வந்துச்சு? மத்த பட்டறைல எல்லாம் அடியில கிழிஞ்சிடுதே.”

“கீழச்சு இருக்க வேண்டிய இடத்துல எண்ணெய் வச்சிருக்கோம். மேலச்சு தகட்டை அழுத்துறப்போ, எண்ணெய் கீழேயிருந்து முட்டுக் குடுத்து தகட்டை மேலச்சோட ஒட்ட வச்சிடும். ஒரே இடத்துல இழுபட்டு மெலியாது, கிழியாது.”

மருமகள் சொல்லித் தந்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள் மாமியார். நேற்றுவரை “எண்ணெயை ஏன்டி இப்படிப் பாழாக்குறே” என்று கத்தியவளும் அவளேதான்.

“நோகாம நொங்கு திங்கிறதுன்னா இதுதான்” என்று முணுமுணுத்தார் பிரஸ் ஓட்டுபவர்.

வந்தவருக்குப் பரம திருப்தி. ஆர்டரை உறுதி செய்துவிட்டுக் கிளம்பினார். அவருடைய கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், மருமகள் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் அத்தை, என் பேரைச் சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமியார் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

“எண்ணெய் அழுத்தம் ஒரே சீரா நிக்குதா?”

“இன்னும் இல்ல. கொஞ்சம் ஏறி இறங்குது. ஏறினா தகடு வெடிக்கும், இறங்கினா கிழியும். ஓட்டி ஓட்டித்தான் சரி பண்ணணும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“முதல் லாட்டுல நாலு கிழிஞ்சா அந்த மனுஷன் சும்மா விடமாட்டார். செஞ்சவங்க பேரைச் சொல்லி, போற இடமெல்லாம் பொரிஞ்சு தள்ளுவார். நீ இந்தத் தொழில்ல இப்பத்தான் கால் வச்சிருக்கே. எனக்கென்ன, வாங்காத பேச்சா?”

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாம் ஒழுங்கா வரட்டும், ஊரைக் கூட்டி நானே உன் பேரைச் சொல்றேன். அதுவரைக்கும் உன்னைத் திட்ட நான் ஒருத்தி போதாதா?”