ஐம்பத்தொன்றாவது கூடு

ஞாயிறுதோறும் சுடுதளத்தில் ஐம்பது தோட்டா சுடுவேன். காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வெடிமருந்தும் ஈயமும் வைத்து மறுபடி நிரப்புவது எங்கள் மலைப்பக்கத்து வழக்கம். அண்ணன் லைல் சுரங்கத்தில் செத்த பிறகு, பொறுக்கினால் ஐம்பத்தொன்று இருக்கும். கூடுதலாகக் கிடக்கும் கூட்டின் அடியில் சிவப்புப் பொட்டு. தன் மனைவி நடீனின் நகப்பூச்சை எடுத்து அவன் மட்டும்தான் அப்படி அடையாளம் வைப்பான்.

"ஒனக்கு எண்ணவே தெரியாது, வெர்னன்," என்று முதல் வாரம் நடீன் சிரித்தாள். கூட்டைத் தொட்டுப் பார்த்ததும், "நிரப்பிக் குடு," என்றாள்.

நிரப்பி, அவன் நின்று சுடும் மேசையில் வைத்துவிட்டு வருவோம். அடுத்த ஞாயிறு அது சுடப்பட்டு, இளஞ்சூட்டோடு தரையில் கிடக்கும்.

ஒன்பதாம் வாரம் கூட்டில் மயிரிழை விரிசல் கண்டேன். விரிசல் விட்டதை யாரும் தவறி நிரப்பிவிடாதபடி நசுக்கித்தான் போடுவோம்.

"இன்னும் ஒரே ஒரு தடவ. மருந்தக் கொறச்சுப் போடேன்."

"துப்பாக்கி வெடிச்சிரும், நடீன். அவன் கைதான் போகும்."

கூட்டை உள்ளங்கையில் மூடி, சூடு ஆறும்வரை நின்றாள். பிறகு என்னிடமிருந்து இடுக்கியை வாங்கி, அவளே நசுக்கினாள்.