ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

அங்கயற்கண்ணியின் மனதில் எண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆறு, வெயிலில் காய்ந்த துணி. எட்டு, துலக்கிய செம்பு. நடுவில் அந்தக் கண்றாவி ஏழு மட்டும், சாக்கடை அடைப்பிலிருந்து உருவிய முடிக்கற்றைபோல் வழவழத்து நாறும். எண்ணும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுவாள். யாரிடமும் சொன்னதில்லை.

இன்று மகள் இசைவாணிக்கு அந்த வயது. கேக்கில் செருகியிருந்த ஏழு வடிவ மெழுகுவர்த்தியைப் பிடுங்கி, அடியில் ஒட்டிய க்ரீமைக் கணவன் நக்கினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு ஒரு முத்தம் குடுடி."

குனிந்தாள். கழுத்து அதற்குமேல் இறங்கவில்லை. அதற்குள் மகளே நழுவிக் குளியலறைக்கு ஓடினாள். பின்னாலேயே போய்ப் பார்த்தால், சோப்புப் போட்டுக் கைகளைத் தேய்தேயென்று தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நாத்தம் போகவே மாட்டேங்குதும்மா. எட்டு எப்பம்மா வரும்?"