மருமகளின் சந்தேகங்கள்

கிராமத்துப் பள்ளிவாசலை ஒட்டிய கூடத்தில், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும் முறையைத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் ஆசிரியை. தையல்காரி கையை உயர்த்தினாள்.

"முழங்கை வரைக்கும் கழுவினாப் போதுமா, முழங்கையும் நனையணுமா?"

"முழங்கையும் சேர்த்துத்தான்மா கழுவணும்."

"இதுகூடத் தெரியாம ரெண்டு பிள்ளையப் பெத்துட்டா" என்றாள் பக்கத்திலிருந்த அவள் மாமியார். கூடமே சிரித்தது.

தினமும் இதே கதைதான். மருமகள் ஏதாவது கேட்பாள், மாமியார் மானத்தை வாங்குவாள். ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. மாமியாரிடம் பக்குவமாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் தட்டப்போகையில் உள்ளே மாமியாரின் குரல் கேட்டது.

"இத்தனை வருஷமா முழங்கையை விட்டுட்டுத்தான் கழுவியிருக்கேன். நல்லவேளை, எனக்காக நீ கேட்டே. நானே கேட்டிருந்தா ஊர்ப் பொம்பளைங்க முன்னாடி என்ன ஆகியிருக்கும்?"

"அதுக்காக அவ்ளோ சத்தமாவா திட்டுவீங்க மாமி? எனக்குச் சிரிப்பை அடக்க முடியல."

"திட்டலைன்னா கண்டுபிடிச்சிடுவாங்கடி. நாளைக்கு இன்னொண்ணு கேளு. அழுதா ஒளு முறிஞ்சிடுமா? உன் மாமா போனதுலேருந்து தொழ நின்னாலே எனக்குக் கண்ணீர் வந்துடுது."

ஆசிரியை சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள்.

மறுநாள் தையல்காரி கையை உயர்த்துமுன்பே ஆசிரியை பேச்சைத் தொடங்கினாள்.

"எனக்கே ரொம்ப நாளா ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா. அழுதா ஒளு முறியுமான்னு. முறியாது. தாராளமா அழலாம்."

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டியா?" என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.