யாரைக் கேட்டு?

"யாரைக் கேட்டு டாக்டர் எங்கப்பா நெஞ்ச அமுக்குனீங்க?"

லூர்துபிரகாஷுக்கு எட்டுத் தெருவுக்குக் கேட்கிற குரல். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதயம் நின்னா அமுக்கறதுதான் சார் எங்க வேலை," என்றார் டாக்டர் விஜயராகவன். "துடிப்பு திரும்ப வந்துடுச்சு. மூச்சுக்கு மிஷின் வச்சிருக்கோம்."

"எதுவும் செய்யாதீங்கன்னு கைப்பட எழுதிக் குடுத்தாரே! பிரான்சுல எங்க பெரியப்பா எழுதிக் குடுத்தத ஒத்துக்கிட்டாங்க."

"அங்க போன வருஷம், 2005ல, அதுக்குச் சட்டம் வந்துடுச்சு. இது உப்பளம் சார், நம்ம நாட்டுல அப்படிச் சட்டம் இன்னும் வரல. நான் குழாய எடுத்தா கேஸு என்மேல." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா, எங்க பொறுப்புல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு கையெழுத்துப் போடுங்க. ஆம்புலன்ஸ்ல பைய அமுக்கிக் காத்து குடுத்துக்கிட்டே வருவாங்க. வீட்டுல நீங்க சொன்னதும் நிறுத்திடுவாங்க."

தங்கை மெரின் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "வேணாண்ணே. பெத்த அப்பாவ நாமளே..."

"குழாயோட சாக வுட்டுடாதடான்னு என்கிட்டதான் சத்தியம் வாங்குனாரு. நீ பேசாத இரு."

"உனக்கு மனசே கெடையாதாண்ணே?" என்று அழுதாள்.

அவன் கையெழுத்துப் போட்டான்.

முத்தியால்பேட்டை வீட்டில் அப்பா அமலநாதனை அவருடைய கட்டிலிலேயே கிடத்தினார்கள். மெரின் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அவர் காதில் 'சேசு, மரி, சூசை' என்று கடைசி ஜெபம் சொன்னாள். ஆம்புலன்ஸில் வந்த கன்னியப்பன் தலைமாட்டில் நின்று பையை அமுக்கிக்கொண்டே இருந்தான். அவன் அமுக்க அமுக்க அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியது.

சொந்தக் கட்டிலில் அந்த முகத்தைப் பார்த்ததும் மெரினுக்கே மனம் மாறிவிட்டது. "நீ சொன்னதுதாண்ணே சரி. அப்பா ஆசப்பட்ட மாதிரியே போவட்டும்," என்றாள்.

கன்னியப்பனுக்கு அடுத்த நோயாளியை ஏற்றப் போகச்சொல்லி போன் வந்துவிட்டது.

"சார், கைய எடுத்துடட்டா?"

லூர்துபிரகாஷ் ஏறி இறங்கும் அப்பாவின் நெஞ்சைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தான்.

"நீங்க கெளம்புங்க. பை இங்கயே இருக்கட்டும். எப்படி அமுக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."