அருளப்பனின் இடது கால்

பெரிய வியாழனன்று மாதா கோயிலில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோலச் சாமியார் பாதம் கழுவ உட்காரவைத்த பன்னிரண்டு பேரில் அருளப்பனும் ஒருவன். "அண்ணனோடு பேசாதவன் காலைக் கடலே வந்து கழுவினாலும் அழுக்குப் போகாது" என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னது தன்னைத்தான் என்று அவனுக்கு உச்சிவரை எரிந்தது. சாமியார் குனிந்து வலது காலைத் தொட்டதும் விட்டான் ஒரு உதை. கோயிலே கிடுகிடுத்து, மணி தானாக இரண்டு தடவை அடித்தது. பல் ரெண்டு பறந்துபோய் ஞானஸ்நானத் தொட்டியில் விழுந்தன. கால் கழுவ வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீர் சிவந்தது.

சாமியார் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கால் ஆச்சு. இடது காலைக் கொடுப்பா."

அருளப்பன் வெடுக்கென்று காலை இழுத்தான். பக்கத்து நாற்காலியிலிருந்து, பதினோரு வருஷமாகப் பேசாத அண்ணன் சவேரியான் இறங்கி, முழந்தாளிட்டு, அந்தக் காலை இறுக்கிப் பிடித்தான்.

"தள்ளிக்குங்க சாமி. இவன் உதை எனக்குப் பழகினது."